பெல்ட்டில் ஓடும் ஏடிவி: வாங்குவது முதல் பெல்ட் மாற்றுவது வரை புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏடிவி என்பது கரடுமுரடான தரையிலும் ஓடும் நான்கு சக்கர வண்டி. என் ஏடிவியின் பெல்ட் கவரை முதன்முறை கழற்றியபோது, உள்ளே பெல்ட் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. கருப்பு ரப்பர் துணுக்குகளும், பிரிந்த நூல்கண்டு போலப் புல்லியின் தண்டில் இறுகச் சுற்றிக்கிடந்த நூல்களும்தான் இருந்தன. வண்டி வாங்கி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. புதுப் பெல்ட் போட்டேன். அது ஆறே வாரத்தில் போயிற்று. மூன்றாவதாகப் போட்டது மூன்றாம் ஆண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி அதேதான், ஓட்டுபவனும் நான்தான். முதல் இரண்டு பெல்ட்டுகளுக்கும் மூன்றாவதற்கும் இடையில் பணமும் நாட்களும் கொடுத்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

பெல்ட் வண்டியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், நம்பலாம் என்பதே. ஆனால் பெல்ட்டை எஞ்சின் போல வண்டியின் ஆயுள் முழுக்க வரும் உறுப்பாக எண்ணாமல், பிரேக் பேட் போலத் தேயும் பொருளாக எண்ண வேண்டும். அடிக்கடி அறுகிறதென்றால் குறை பெரும்பாலும் பெல்ட்டில் இருப்பதில்லை. வழுக்கலால் எழும் சூடு, உள்ளே புகுந்த நீர், தேய்ந்த கிளட்ச், தவறான கியரில் ஓட்டுவது ஆகிய நான்கில் ஒன்று பின்னால் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் பெல்ட்டை மட்டும் மாற்றுகிறவர் அடுத்த பெல்ட்டுக்கும் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான்.

பின்வரும் படிகளுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் வேலைமுறையைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் க்ராங்க் தண்டில் ஒரு புல்லியும், கியர்பெட்டிக்குள் செல்லும் தண்டில் இன்னொரு புல்லியும் இருக்கின்றன. இவற்றை முன்புல்லி, பின்புல்லி என்று அழைப்போம். ஒவ்வொன்றும் எதிரெதிரே சாய்ந்த இரண்டு தட்டுகளால் ஆனது. நடுவில் வி வடிவப் பெல்ட் ஓடுகிறது. எஞ்சின் வேகம் கூடும்போது முன்புல்லிக்குள் இருக்கும் எடைகளோ ரோலர்களோ வெளிப்புறமாக நகர்ந்து தட்டுகளை நெருக்குகின்றன. பெல்ட் அங்கே மேலேறுகிறது, பின்புல்லியில் அதற்கேற்பக் கீழிறங்குகிறது. பின்புல்லியில் உள்ள ஸ்பிரிங்கும், கேம் எனப்படும் சரிவான உலோகப் பாகமும் சுமைக்கு ஏற்பப் பெல்ட்டை அழுத்திப் பிடிக்கின்றன. இந்தப் பிடி எங்கே தளர்கிறதோ அங்கே பெல்ட் வழுக்கும். வழுக்கும் இடத்தில் ரப்பர் வேகும்.

1. உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள்

"ஆட்டோமேட்டிக்" என்று விற்கப்படும் எல்லா ஏடிவிகளிலும் பெல்ட் இருப்பதில்லை. ஹோண்டாவின் ராஞ்சர், ஃபோர்மேன் வரிசைகளில் பெல்ட் கிடையாது. அவற்றில் ஆட்டோமேட்டிக் என்று வருவது இரட்டைக் கிளட்ச் கொண்ட பல்சக்கரக் கியர்பெட்டி. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், கேன்-ஆம் அவுட்லேண்டர் போன்றவை பெல்ட் வண்டிகள். பொதுவாக இவற்றில் முன்புல்லியே கிளட்சாகவும் வேலை செய்கிறது. அதாவது வண்டி நிற்கையில் பெல்ட் தளர்ந்திருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தட்டுகள் நெருங்கி அதைப் பிடிக்கும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் கொஞ்சம் வழுக்கல் இந்த வகையில் இயல்பு. யமஹாவின் அல்ட்ராமேட்டிக் முறையில் பெல்ட் எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கிறது. எண்ணெயில் நனைந்த தனி மையவிலக்குக் கிளட்ச்தான் புறப்படும்போது வழுக்கலை ஏற்கிறது. அதனால் அந்த வகையில் புறப்பாட்டுத் தேய்மானம் குறைவு.

மெதுவான பாதையில் சுமை இழுப்பதே உங்கள் முக்கிய வேலை என்றால் இந்த வேறுபாட்டுக்கு நிறையப் பொருள் உண்டு. வார இறுதியில் மட்டும் ஓட்டுகிறவர் இதை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

2. ஆவணங்களை முதலில் சேகரியுங்கள்

நான் செய்யாமல் விட்டது இதைத்தான். கீழே உள்ளவை கையில் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முதலாவது, வண்டியின் உலோகச் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண். உரிமைச் சான்றில் உள்ள எண்ணோடு அதை நீங்களே ஒப்பிடுங்கள், பிறகு படமெடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் வாங்கும்போது மாடல் பெயரைவிட இந்த எண்தான் உதவும். ஒரே பெயரில் விற்கப்பட்ட வண்டிக்கு ஆண்டு மாறும்போது பெல்ட்டின் பாக எண்ணும் மாறியிருக்கலாம். குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு (ரீகால்) ஏதேனும் உங்கள் வண்டிக்கு வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்பதற்கும் இதே எண்தான் வேண்டும்.

இரண்டாவது, கையேடுகள். உரிமையாளர் கையேடு, பழுதுபார்ப்புக் கையேடு என்று இரண்டு உண்டு. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். பெல்ட்டின் குறைந்தபட்ச அகலம், தொய்வு அளவு, ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற எண்கள் ஆகியவை இரண்டாவதில்தான் முழுமையாக இருக்கும். அதற்குக் கொடுக்கும் பணம் பணிமனையில் ஒருமுறை கவரைக் கழற்றக் கொடுக்கும் கூலியைவிடக் குறைவாகவே எனக்கு ஆயிற்று.

மூன்றாவது, பழைய பில்கள். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணியில் மாற்றப்பட்டது, கிளட்ச் எப்போதாவது பிரிக்கப்பட்டதா என்று பாருங்கள். "பெல்ட்டைத் தொட்டதே இல்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கவரை யாரும் திறந்து பார்த்ததில்லை என்பதாகவும் இருக்கலாம்.

புதிய வண்டி வாங்குபவர்கள் உத்தரவாதப் பத்திரத்தில் "தேயும் பாகங்கள்" என்ற பத்தியைப் படியுங்கள். பெல்ட் பெரும்பாலும் அதில்தான் வரும். முழு உத்தரவாதம் அதற்கு இருக்காது. இருக்கும் சலுகையும் முதல் பராமரிப்பைக் குறித்த நேரத்தில் செய்ததற்கான சான்று இருந்தால்தான் செல்லுபடியாகும். பல வண்டிகளில் முதல் பராமரிப்பு 20 அல்லது 25 மணி ஓட்டத்திலேயே வந்துவிடுகிறது. மணிமீட்டரைப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு அது கண்ணில் படாமலே கடந்துபோகும்.

3. பழைய வண்டியைப் பார்க்கும்போது செய்ய வேண்டிய சோதனைகள்

மீட்டரில் இரண்டு எண்கள் இருக்கும்: ஓடிய தூரம், எஞ்சின் ஓடிய மணி. தூரத்தை மணியால் வகுத்துப் பாருங்கள். நான் வாங்கிய வண்டி 2,400 கிலோமீட்டர், 400 மணி காட்டியது. தூரம் குறைவு என்று மகிழ்ந்து வாங்கினேன். வகுத்திருந்தால் சராசரி வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர் என்று வந்திருக்கும். அப்படியொரு வண்டி வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுமை இழுப்பதிலோ, நின்று உறுமுவதிலோ கழித்திருக்கிறது; பெல்ட்டுக்கும் கிளட்சுக்கும் அதைவிடக் கடினமான வாழ்க்கை இல்லை. அதே தூரத்தை 120 மணியில் ஓடிய வண்டி கிடைத்தால், கூடுதல் விலைக்கும் அதையே எடுப்பேன்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். எஞ்சினை இயக்கி, நியூட்ரலில் சில நிமிடம் விட்டு, பெல்ட் கவரின் பக்கம் காது கொடுங்கள். கடகடவென்ற ஒலி தேய்ந்த ரோலரையோ புஷ்ஷையோ (தண்டைத் தாங்கும் உள்வளையம்) காட்டலாம். பிறகு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹையில் (வழக்கமான வேகத்துக்கான கியரில்) போடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி முன்னே நகரத் துடித்தாலோ, கியர் விழும்போது கரகரத்தாலோ, பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம், அல்லது ஐட்லிங் வேகம் அதிகமாக வைக்கப்பட்டிருக்கலாம். இது சிறு குறைபோலத் தோன்றும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் பெல்ட்டின் ஒரே இடத்தில் முன்புல்லி உரசிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் மெல்லக் கருகும்.

அடுத்து, சமதரையில் நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். சக்கரம் சுற்றுவதற்கு ஏற்ப "டப், டப்" என்று சீரான இடைவெளியில் அடி விழுந்தால் பெல்ட்டில் ஓரிடம் கருகிக் குறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். மேட்டில் ஏறும்போது எஞ்சின் வேகம் மட்டும் கூடி வண்டி கூடவில்லையென்றால் பெல்ட் வழுக்குகிறது. இறங்கி, கவரின் காற்றுக்குழாய் அருகே முகர்ந்து பாருங்கள். எரிந்த ரப்பரின் வாடை ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது.

கடைசியாக, கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அரைமணி நேர வேலைதான். மறுப்பவரிடம் வாங்கக்கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் புதுப் பெல்ட், கிளட்ச் பழுது இரண்டின் செலவையும் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

4. பெல்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கவரைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் கழுவித் துடைத்துவிடுங்கள். இல்லையெனில் திறந்ததும் அது உள்ளே விழும். ஸ்க்ரூக்களைக் கையால் கழற்றுங்கள். அவை வெவ்வேறு நீளத்தில் இருந்தால், ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவையுங்கள். கவரின் ரப்பர் சீல் பள்ளத்தை விட்டு வெளியே வந்திருக்கிறதா, உள்ளே நீர்க்கோடு தெரிகிறதா என்று பெல்ட்டைத் தொடுவதற்கு முன்பே பார்த்துப் படமெடுங்கள்.

பெல்ட்டை எடுக்கப் பின்புல்லியின் தட்டுகளை விரிக்க வேண்டும். பல வண்டிகளில் அதற்கென்று ஒரு சிறு கருவியோ நீள போல்ட்டோ வண்டியோடே வரும். நெம்புகோலை உள்ளே விட்டுப் பிரிக்க முயலாதீர்கள். தட்டின் முகத்தில் விழும் ஒரு கீறல் அடுத்த பெல்ட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். எடுப்பதற்கு முன் அதன் சுழலும் திசையைச் சாக்பீஸால் குறியுங்கள். ஒரு திசையில் ஓடிப் பழகிய பெல்ட்டைத் திருப்பிப் போடக்கூடாது.

கையில் எடுத்த பெல்ட்டை நல்ல வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள். பக்கவாட்டு முகம் மங்கலாக, ஒரே சீராக இருக்க வேண்டும். கண்ணாடிபோல் மினுங்கினால் வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கி, மணற்கடிகாரத்தின் இடுப்புபோலக் குறுகியிருந்தால், சக்கரம் நகராத நிலையில் யாரோ ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்: சேற்றில் சிக்கி, அல்லது பார்க்கிங் பிரேக் போட்டபடியே, அல்லது ட்ரெய்லரின் சாய்தளத்தில் ஹை கியரில். என் முதல் பெல்ட் இந்த மூன்றில் முதலாவதால் போனது. உட்புறப் பற்களின் அடியில் விரிசல் தெரிந்தால் ரப்பர் வயதாகிவிட்டது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கினால் தட்டில் கீறலோ, இரு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாத குறையோ இருக்கலாம். பெல்ட்டின் உயிர் அந்த நூல்களில்தான் இருக்கிறது. அராமிட் போன்ற வலுவான இழைகளால் ஆனவை அவை. ஒன்றிரண்டு பிரிந்தாலும், தொங்கும் நூலைக் கத்தரித்துவிட்டு அதே பெல்ட்டில் ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிறகு வெர்னியர் காலிப்பரால் அகலத்தை மூன்று நான்கு இடங்களில் அளந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். புதிய பெல்ட்டுக்கும் கழிக்க வேண்டிய பெல்ட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவுசெய்வது பயன்படாது.

5. செலவைக் கணக்கிடுங்கள்

விலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், தயாரிப்பாளரின் அசல் பெல்ட் ஒன்றின் விலையை ஒரு பங்கு என்று வைத்து என் பில்களைச் சொல்கிறேன். பணிமனையில் பெல்ட் மாற்றும் கூலி ஏறக்குறைய ஒரு பங்கு. முன்புல்லியைப் பிரித்து ரோலர், புஷ், ஸ்பிரிங் மாற்றியது இரண்டு பங்கு. முழு முன்புல்லியைப் புதிதாக வாங்க விலை கேட்டபோது நான்கைந்து பங்கு என்றார்கள். டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்), காலிப்பர், முன்புல்லியைக் கழற்றும் புல்லர் மூன்றும் சேர்ந்து ஒன்றரைப் பங்கு ஆயின. அவற்றை ஒருமுறை வாங்கினால் போதும்.

வெளி நிறுவனப் பெல்ட்டுகள் வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. கேட்ஸ், டேகோ போன்ற நிறுவனங்கள் ஏடிவிக்கென்றே பெல்ட் செய்கின்றன. பெயர் தெரிந்த நிறுவனத்தின் பொருளை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நீளத்திலும் அகலத்திலும் சிறு வேறுபாடு இருந்தாலே வண்டி புறப்படும் தன்மையும் உச்ச வேகமும் மாறிவிடும். அதனால் முதல் முறை மாற்றுபவர்கள் அசல் பெல்ட்டையே போட்டு, வண்டியின் சரியான நடத்தை எப்படியிருக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு மற்றவற்றை முயலுங்கள். பெயரே இல்லாத மலிவுப் பெல்ட்டை எந்த நிலையிலும் வாங்காதீர்கள். என் இரண்டாவது பெல்ட் அப்படிப்பட்டதுதான். ஆனால் அது ஆறு வாரத்தில் போனதற்கு முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது, அடுத்த படியில் சொல்கிறேன்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பெல்ட் கடையில் இல்லை என்று சொல்லி வரவழைக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. வண்டி நல்ல நிலையில் ஓடும்போதே ஓர் உதிரிப் பெல்ட்டை வாங்கி வைத்திருந்தால் அந்தப் பதினெட்டு நாளும் வீணாகியிருக்காது.

6. பெல்ட்டை மாற்றுங்கள், ஆனால் முதலில் சுத்தம் செய்யுங்கள்

பெல்ட் அறுந்த வண்டியில் புதுப் பெல்ட்டை மாட்டுவது கடைசி வேலை. அறுந்த நூல்கள் முன்புல்லிக்குப் பின்னால் க்ராங்க் தண்டைச் சுற்றிக்கொள்ளும். அங்குள்ள எண்ணெய் சீலுக்குள் நுழைந்து அதைக் கிழிக்கவும் செய்யும். சீல் கசிந்தால் எண்ணெய் புல்லிக்கு வரும், எண்ணெய் பட்ட பெல்ட் வழுக்கும், வழுக்கிய பெல்ட் அறுபடும். என் இரண்டாவது பெல்ட்டுக்கு நேர்ந்தது இதுதான். பணிமனையில் முன்பக்கம் தெரிந்த நூலை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு நான் புல்லரை வைத்து முன்புல்லியைக் கழற்றிப் பார்த்தபோது, பின்னால் விரல் தடிமனுக்கு நூல் சுருண்டிருந்தது. அதன் அடியில் சீலின் உதடு நைந்து, எண்ணெய் ஒரு மெல்லிய கோடாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பணிமனையில் கொடுப்பவர்கள் "முன்புல்லியைக் கழற்றிச் சுத்தம் செய்தீர்களா" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். கழற்றிய நிலையில் படம் கேட்பதும் தவறில்லை.

காற்று வெளியேறும் குழாயையும் மறக்காதீர்கள். ரப்பர் துணுக்குகள் அங்கேதான் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சூடான காற்று வெளியேறாது. காற்று உள்ளே வரும் பக்கத்தில் சில வண்டிகளில் சிறு வடிகட்டி இருக்கும். அது சேறு பிடித்திருந்தாலும் விளைவு இதுவே.

புல்லித் தட்டுகளின் முகத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் படிவத்தை மென்மையான தேய்ப்பு நாரால் தேய்த்து, பிரேக் கிளீனரையோ அசிட்டோனையோ சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். காற்றோட்டமான இடத்தில், நெருப்பில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது. துணி வெள்ளையாகத் திரும்பும்வரை துடையுங்கள். அதன்பின் தட்டையோ பெல்ட்டின் பக்கங்களையோ எண்ணெய்க் கையால் தொடக்கூடாது. சறுக்கும் பகுதிகளுக்குக் கிரீஸ் போட்டால் நல்லது என்று தோன்றும். கையேடு சொல்லாத இடத்தில் போடாதீர்கள். புதுப் பெல்ட்டை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு மாட்டுவது வார்ப்பிலிருந்து வந்த வழுவழுப்பை நீக்க உதவும். உங்கள் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

இப்போதே ரோலர்களையும் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய ரோலரில் தட்டையான முகம் விழுந்திருந்தால் அது சீராக நகராது. பெல்ட்டும் விட்டுவிட்டுத்தான் பிடிக்கும். எடைக்கைகள் உள்ள வகையென்றால் அவற்றின் ஊசியில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள்.

பெல்ட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அம்பு இல்லாவிட்டால் பலர் எழுத்தை நேராகப் படிக்கும்படி மாட்டுகிறார்கள்; கையேட்டில் சொல்லியிருப்பதைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மாட்டிய பின் பின்புல்லியைக் கையால் பலமுறை சுற்றினால் பெல்ட் தன் இடத்துக்கு மேலேறி வரும். பிறகு தொய்வை அளக்க வேண்டும். சில வண்டிகளில் அதை வாஷர் மாற்றியும், சிலவற்றில் ஸ்க்ரூ திருகியும் சரிசெய்யலாம். தொய்வு அதிகமானால் வண்டி தாமதமாகவும் குலுக்கலோடும் புறப்படும். குறைவானால் நிற்க வேண்டிய வண்டி ஊரும், கியர் மாற்றவும் கடினமாகும்.

போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கவர் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை மரைக்குள் செல்பவையாக இருந்தால், மின்துளைக்கருவியால் முறுக்கும்போது மரையே சுற்றிக்கொள்ளும். கவரைத் திறந்துவைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்த நேரத்தில் பெல்ட் அறுந்தால் எதிரே நிற்பவர்மேல் சாட்டைபோல வீசும்.

முதல் முறை எனக்கு இந்த வேலைக்கு ஒரு முழுப்பகல் பிடித்தது. அடுத்த முறை, அறுபடாத பெல்ட்டை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டதற்கு, ஐம்பது நிமிடம்.

7. புதுப் பெல்ட்டைப் பழக்குங்கள்

புதுப் பெல்ட்டின் முகம் புல்லித் தட்டோடு பொருந்திவர நேரம் வேண்டும். நான் முதல் 50 கிலோமீட்டருக்கு ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் தொடவில்லை, வேகத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டே ஓட்டினேன், எதையும் இழுக்கவில்லை. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதும் இந்தக் காலத்தில் நல்லதல்ல. பிறகு ஒருமுறை கவரைத் திறந்து தொய்வை மறுபடி அளந்தேன். சற்று மாறியிருந்தது, சரிசெய்தேன். உதிரியாக வைக்கப்போகும் பெல்ட்டையும் ஒருமுறை இப்படிப் பழக்கிவிட்டு எடுத்துவைப்பது எனக்குப் பிடித்த முறை. ஆபத்தில் மாட்டும்போது பழக்க நேரம் இருக்காது.

8. ஓட்டும்போது லோவையும் வின்ச்சையும் பயன்படுத்துங்கள்

ஹை கியரில் மெதுவாக ஊர்வதைவிடப் பெல்ட்டைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை என்று சொல்வேன். ஹையில் மெல்ல ஏறும்போது முன்புல்லி பெல்ட்டை முழுமையாகப் பிடிக்காத நிலையிலேயே பாரத்தை இழுக்க வேண்டியிருக்கிறது. லோவுக்கு (மெதுவாக, வலுவாக இழுப்பதற்கான கியருக்கு) மாறினால் அதே சாலை வேகத்துக்கு எஞ்சினும் புல்லிகளும் வேகமாகச் சுழலும். பிடியும் முழுமையாகும், உள்ளே காற்றோட்டமும் கூடும். ஆகவே சுமை இழுக்கும்போது, பாறையில் ஏறும்போது, ஆழ்ந்த சேற்றில், ட்ரெய்லரின் சாய்தளத்தில், நடக்கும் வேகத்தை ஒட்டிய எந்த நீண்ட ஓட்டத்திலும் லோவைப் போடுங்கள். லோவில் போனால் வண்டிக்குக் கெடுதல் என்று எண்ணிக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. கியர் மாற்றும் முன் வண்டி முழுமையாக நிற்க வேண்டும் என்பதை மட்டும் மீறாதீர்கள்.

சிக்கிக்கொண்டால் இரண்டு முறை முயலுங்கள், மூன்றாவதாக வின்ச்சை (வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) எடுங்கள். சக்கரம் நகராமல் எஞ்சின் மட்டும் அலறும் ஒவ்வொரு நொடியும் பெல்ட்டின் ஒரே இடத்தைப் பொசுக்குகிறது. ரிவர்சில் வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் பொத்தான் சில வண்டிகளில் உண்டு. சேற்றில் அதை அழுத்திக்கொண்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பது பெல்ட்டை உடைக்கும் விரைவான வழிகளில் ஒன்று. அளவில் பெரிய டயர்களை மாட்டுபவர்களுக்கும் ஒரு சொல்: டயர் பெரிதானால் பெல்ட்டின் பாரமும் பெரிதாகும். அதற்கேற்பப் புல்லிகளின் எடையையும் ஸ்பிரிங்கையும் மாற்றும் செலவையும் சேர்த்து வைத்துக்கொண்டு டயரை வாங்குங்கள்.

நீண்ட ஏற்றம் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல், நியூட்ரலில் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள். முன்புல்லியில் உள்ள விசிறி இதழ்கள் சூடான காற்றை வெளியே தள்ளும்.

9. கவருக்குள் நீர் புகுந்தால்

நீரைக் கடந்தபின் எஞ்சின் உறுமியும் வண்டி நகரவில்லையென்றால், ஆக்சிலரேட்டரை மேலும் அழுத்திப் பார்க்காமல் கரையேற்றி நிறுத்துங்கள். கவரின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து நீரை விடுங்கள். மூடியை மறுபடி போட்டு, நியூட்ரலில் எஞ்சின் வேகத்தைச் சில நொடிகள் உயர்த்தி இறக்குங்கள். இதைப் பலமுறை செய்தால் காற்றோட்டமே பெல்ட்டை உலர்த்திவிடும். பிறகு லோவில் மெதுவாகப் புறப்பட்டு வழுக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறுபடி உலர்த்துங்கள்.

வீடு திரும்பிய பின் கவரைத் திறந்தே ஆகவேண்டும். நீரோடு மணலும் வந்திருக்கும். ஒருமுறை புகுந்த நீர் மறுமுறையும் அதே வழியில் புகும். சீல், குழாயின் இணைப்பு வளையம், காற்றுக்குழாயின் வாயின் உயரம் ஆகியவற்றைப் பாருங்கள்.

10. கால அட்டவணையும் உதிரிப் பையும்

உங்கள் கையேட்டின் இடைவெளிதான் இறுதியானது. நான் வைத்திருக்கும் அட்டவணை அதைவிடக் கொஞ்சம் கடுமையானது: ஒவ்வொரு 50 மணிக்கும் கவரைத் திறந்து பார்வையிடுதல், 100 மணிக்கு அகலத்தை அளந்து குறித்தல், நீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் மறுநாளே திறந்து பார்த்தல். அளந்த தேதி, மணி, அகலம் மூன்றையும் கவரின் உட்புறத்திலேயே பெயின்ட் பேனாவால் எழுதிவிடுகிறேன். ஏடு தொலைந்துபோகும், கவர் தொலையாது. சில மாடல்களில் குறித்த மணி ஆனதும் பெல்ட் விளக்கு மினுக்கும். பெல்ட் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருளல்ல, பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்பதே பொருள். பெல்ட்டைப் பார்க்காமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டு விற்கிறவர்களும் உண்டு.

உதிரிப் பெல்ட்டை மடித்தோ, இருக்கைக்கு அடியில் நெரித்தோ வைத்தால் உள்நூல் முறியும். அதன் இயல்பான வளைவிலேயே, வெயிலும் எரிபொருளும் படாமல், பையில் போட்டு வையுங்கள். அதே பையில் புல்லி விரிக்கும் கருவி, கவர் ஸ்க்ரூக்களுக்குப் பொருந்தும் ஸ்பேனர், நூலை வெட்ட ஒரு கத்தி, நீண்ட மூக்குக் குறடு, சிறு டார்ச், துணி ஆகியவை இருக்கட்டும். பையைத் தயார் செய்தபின் வீட்டு வாசலில், அந்தப் பையில் உள்ள கருவிகளை மட்டும் வைத்து ஒருமுறை பெல்ட்டை மாற்றிப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது, கவரின் கடைசி ஸ்க்ரூவுக்குக் கைப்பிடி எட்டாது, ஒரு நீட்டுக்கம்பி வேண்டும் என்று தெரிந்தது.